வெள்ளிக்கிழமை மேடுகள்

அத்தியாயம் 6

"பார்க்கலாம். தொடக் கூடாது" என்றாள் துஷாந்தினி, நூதனசாலைக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்வது போல.

றமீஸாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போக அந்த மூன்று வார்த்தையே போதுமாக இருந்தது. சொல்லப்போனால் அவளுக்கு ஆட்களைப் பிடிக்காமல் போக எப்போதுமே அதிக நேரம் எடுப்பதில்லை. பதினெட்டு வருடம் காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடையையும் கவிழ்ந்த லொறியையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இப்போது மாத்தளை டவுனில் ஒரு மிளகுக் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துத் துப்பறிகிறாள். பயத்தில் பொய் சொல்கிறவர்களை அவள் பல தடவை மன்னித்திருக்கிறாள். பொய்யை பைல் போட்டு, நம்பர் போட்டு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து நீட்டுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துஷாந்தினி நீட்டிய இந்த பைல் நாலு விரல் தடிப்பம் இருந்தது.

உக்குவளையிலிருந்து மேலே ஏறினால் வருகிற கிரிகல் லைம் என்ற சுண்ணாம்புத் தொழிற்சாலை அது. காக்கைகூட வெளுத்துப்போயிருக்கிற அந்த இடத்தில் ஒரு பொட்டுத் தூசி ஒட்டாத பாதுகாப்புத் தொப்பி ஒன்று துஷாந்தினியின் மேசையில் இருந்தது. புரொசஸ் மனேஜர். கொழும்பிலிருந்து வந்து எட்டு மாதம். தொப்பிக்கும் எட்டு மாத வயதுதான், ஆனால் அது இன்னும் வெயில் பார்க்கவில்லை.

"விஷயம் ரொம்ப சிம்பிள்" என்றாள் துஷாந்தினி. "சூளைக்கு மேல இருந்து ஒரு மெல்லிய குழாய் கீழ இருக்கிற அனலைசருக்கு வருது. சாம்பிள் லைன். சூளையோட காஸை உறிஞ்சி மெஷினுக்குக் குடுக்கும். நச்சு வாயு கூடினா சைரன் அடிக்கும், ஆட்கள் இறங்கிருவாங்க. அந்த லைனைப் போட்டது பிரதீஷ். ஒரு நட்டை ஒழுங்கா இறுக்கல. வெள்ளிக்கிழமை ஒரு மணி பத்துக்கு அது கழண்டு, வெளிக்காத்து உள்ள போயிருக்கு. மெஷின் வெறும் காத்தை மோந்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு. சைரன் அடிக்கல. கிராஃப் எல்லாம் பைல்ல இருக்கு. உங்களுக்கு விளங்குமோ தெரியாது."

"வெளங்காட்டி நீங்க செல்லித் தாங்க. நீங்கதானே படிச்ச ஆள்" என்றாள் றமீஸா.

"ராத்தா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் பக்கத்தில் நின்ற ஷிஃபான். அவன் அவளுடைய உதவியாள், அவளுடைய த்ரீவீலின் சாரதி, கேட்காமலே பேசுகிற வாய். "இந்த ரூமுல ஏஸி போட்டீக்கிறது ஆளுக்கா, பைலுக்கா?"

துஷாந்தினி அவனைப் பார்க்கவே இல்லை. மூன்று மணிக்குத் தொழில் திணைக்கள அதிகாரி வருவார், அதற்குள் முடித்துக்கொண்டால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு பிரதீஷின் பெயர் அந்த அதிகாரியின் தாளில் ஏறிவிடும். அதற்குப் பிறகு வேலை போகும், பொலிஸ் வரும். ஆனால் றமீஸா வந்தது அதற்காகவும் இல்லை. அவளைக் கூப்பிட்டது பிரதீஷ் இல்லை, அவன் மனைவி நிரோஜா. சூளை மேலே மயங்கி விழுந்து, ஐந்து நாளாகக் கண்டி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிற நாகமுத்துவின் மகள் அவள். முந்தின நாள் அந்தப் பிள்ளை மிளகுக் கடை மாடிப்படி ஏறி வந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் ஒரே ஒரு விஷயம் கேட்டது.

"எங்கப்பாவை இப்படி ஆக்குனது என் வீட்டுக்காரரா இல்லையான்னு சொல்லுங்க மிஸ். அவர காப்பாத்தச் சொல்லல. அவருன்னா அவருன்னு சொல்லிருங்க. அஞ்சு நாளா ஒரே வீட்டுல இருந்துகிட்டு அவர் மொகத்த என்னால பாக்க முடியல."

இப்போது அவள் காவலாளியின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கடந்து போகும்போது றமீஸா அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். சொல்ல இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிரதீஷ் சூளையடியில் காத்துக்கொண்டு நின்றான். இருபத்தாறு வயது, ஒல்லியான பையன், அழுது வீங்கிய கண். ஆனால் குழாயைப் பற்றிக் கேட்டதும் ஆளே மாறிவிட்டான். இரும்பு ஏணியில் முன்னால் ஏறி, முப்பது மீட்டர் நீளத்துக்கும் விரலால் தடவிக் காட்டிக்கொண்டே போனான்.

"மேல இருந்து கீழ வரைக்கும் சரிவாவே வரணும் மிஸ். எங்கயும் வயிறு தள்ளக் கூடாது. சூளைப் புகையில ஈரம் இருக்கு. ஒரு எடத்துல பள்ளம் விழுந்தா தண்ணி கட்டிக்கும், அப்புறம் மெஷினுக்கு மூச்சு முட்டும். அதான் சாணுக்கு ஒரு கிளிப் அடிச்சிருக்கேன். உள்ள சூடு குடுக்க வயரும் ஓடுது."

"வயிறு தள்ளக் கூடாதுன்னா இந்த வேல எனக்கு சரிவராது" என்று தன் தொந்தியைத் தட்டிக்கொண்டான் ஷிஃபான்.

"சரிவுல வர்ற தண்ணி கடைசியில எங்க போற?" என்று கேட்டாள் றமீஸா.

"கீழ ரூம்ல ஒரு போத்தல் இருக்கு. அதுல விழும். காலையில காலையில எடுத்து ஊத்திருவேன்." பிரதீஷ் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கிளிப்பைப் பார்க்கத் தொடங்கினான்.

உச்சியில், சூளை வாய்க்குள் குழாய் நுழைகிற இடத்தில், குற்றவாளி நட்டுக்கு மஞ்சள் அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற நட்டெல்லாம் சுண்ணாம்பு அப்பிப் பணியாரம் மாதிரி இருக்க, இது ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. ஸ்பேனர் கீறிய தடம் புதுசு.

"நான் இறுக்குனா கையால முடியிற மட்டும், அப்புறம் ஸ்பேனர்ல ஒண்ணே கால் சுத்து. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றான் பிரதீஷ். "இது தானா கழண்டுச்சுன்னு சொல்றாங்க."

"தானா கழண்ட நட்டு மொகம் கழுவிட்டு வந்தீக்கி" என்றான் ஷிஃபான்.

றமீஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விபத்துக்குப் பிறகு சோதித்துப் பார்த்ததில் ஏற்பட்ட கீறல் என்று அந்தக் குளிரறைக்காரி ஒரே வாக்கியத்தில் துடைத்துவிடுவாள். இது போதாது.

அந்த நேரம் பார்த்துச் சூளைக்குக் கல் போடுகிற நாலு பேர் மேலே வந்தார்கள். நாலு பேரும் பக்கத்து முஸ்லிம் கிராமத்து ஆட்கள், தலைவர் அஸ்ஹர். ஐந்தாவது ஆள் நாகமுத்து. இப்போது அந்த இடம் காலி. இரும்பு வாளி சங்கிலியில் ஏறி வந்து, மூடி திறந்து, கல்லும் கரியும் தடதடவென்று உள்ளே விழுந்தன. மேடையில் மாட்டியிருந்த சின்னத் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு உடனே துள்ளி எழும்பியது. பிறகு மெல்ல இறங்கிப் படுத்தது.

"இது என்ன துள்ளல்?" என்றாள் றமீஸா.

"கல்லுப் போட்டா சூளை ஒரு ஏப்பம் விடும் மிஸ். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா" என்றான் பிரதீஷ்.

றமீஸா பைலைப் பிரித்தாள். போன வெள்ளிக்கிழமைத் தாள். இருபது நிமிடத்துக்கு ஒரு மேடு, ஒழுங்காக, வரிசையாக. ஒரு மணி பத்தில் கோடு தடாலென்று விழுந்து பூச்சியத்தில் ஓடியது. துஷாந்தினி சொன்னது அப்படியே இருந்தது. அவ்வளவு அப்படியே இருந்ததுதான் றமீஸாவை உறுத்தியது.

"அஸ்ஹர் நானா, வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு நீங்க எறங்கற?"

"பன்னண்டே கால்" என்றார் அஸ்ஹர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஜும்ஆத் தொழுகை. குத்பாவுக்கு முந்திப் பள்ளில ஈக்கணுமே. தொழுதிட்டு, சோறு தின்னுட்டு, திரும்பி ஏற ரெண்டு மணியாகும்."

"அந்த நேரம் யாரு கல்லுப் போட்ற?"

"யாருமே இல்ல. பழைய மொதலாளி காலத்துலருந்து ஈக்கிற சட்டம். நாகமுத்து அண்ணன் மட்டும் காவலுக்கு ஈப்பாரு, கல்லுப் போட மாட்டாரு. தனியாளா வாளிய இழுக்க ஏலாதே. அன்னைக்கும் நாங்க வந்து பாக்கிற நேரம் இந்த எடத்துலதான் கெடந்தாரு." அவர் காட்டிய இடத்தைப் பிரதீஷ் பார்க்கவில்லை.

றமீஸா தாளை அஸ்ஹரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அப்ப பன்னண்டு இருபதுக்கு ஒரு மேடு. பன்னண்டு நாப்பதுக்கு ஒண்டு. ஒரு மணிக்கு இன்னொண்டு. இந்த மூணு வாளியும் யாரு நானா போட்ட? வானத்துலருந்து மலக்குமார் வந்தா?"

அஸ்ஹர் வாயைப் பிளந்தார். ஷிஃபான் ஒரு நீள விசில் அடித்தான்.

அதற்கு மேல் பைல் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. தடிப்பமாக இருந்தால் ஆள் மிரண்டுவிடும் என்று நினைத்து இரண்டு மாதத்துத் தாளையும் அள்ளிக் கட்டியிருந்தாள் அந்தப் பெரிய படிப்புக்காரி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் பகல் பன்னிரண்டே காலிலிருந்து இரண்டு வரை கோடு மட்டமாகப் படுத்துக் கிடந்தது. இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான் துள்ளியது. எட்டு மாதம் சம்பளம் வாங்கியவளுக்குத் தன் சூளைக்கு மேலே நிற்கிற மனிதர்கள் வாரத்தில் ஒரு நாள் எங்கே போகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. த்தூ என்று இருந்தது றமீஸாவுக்கு.

"ஷிஃபான், இந்த வெள்ளியோட மத்தத் தாள் எல்லாத்தையும் ஒண்டொண்டா வச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. இவ புதுசா வரைய மாட்டா. அதுக்கு மூளை வேணும். எங்கயோ இருந்து எடுத்துத்தான் ஒட்டியிருப்பா."

பதினான்காவது தாளில் ஷிஃபான் நிறுத்தினான். "ராத்தா, இங்க வாங்க. ரெண்டு கிழமைக்கு முந்தின செவ்வாய். மேட்டு மேல மேடு அப்பிடியே ஒக்காருது. அச்சு ஒண்டு, தேதி மட்டும் வேற."

கீழே, அனலைசர் இருந்த தகரக் கூரை அறையில், இரண்டே முக்காலுக்கு துஷாந்தினி வந்து நின்றாள். றமீஸா ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். வாசல்படியில் சுண்ணாம்புத் தூசியைப் பார்த்து அவள் சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்தாள். நேரத்தோடே வந்துவிட்ட அதிகாரியும் கூடவே வந்தார். கையில் கடுதாசி அட்டை, மூக்குக் கண்ணாடி, பேசாத ஆள். அவருக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, நிரோஜா.

றமீஸா இரண்டு தாளையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிங்களத்தில், நிறுத்தி நிதானமாக, அதிகாரிக்கு விளங்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சொஃப்ட்வெயர் கோளாறா இருக்கலாம்" என்றாள் துஷாந்தினி.

"சொஃப்ட்வெயருக்கு ஜும்ஆ தெரியாது மிஸ்" என்றான் ஷிஃபான். "ஒங்களுக்கும் தெரியல. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் போல."

"இவங்களை வெளிய அனுப்புங்க சேர்" என்று அவள் அதிகாரியிடம் சீறினாள். அவர் அசையவில்லை.

றமீஸாவுக்கு அவளோடு பேச விருப்பமே இல்லை. கிழிந்த சேலையைத் தைப்பது போல அவள் இனிப் பொய்க்கு மேல் பொய்யாக ஒட்டுப் போட்டுக்கொண்டுதான் இருப்பாள். தெரிய வேண்டியது வேறு. உண்மையான தாளை ஏன் ஒளிக்க வேண்டும்? அன்றைக்கு இந்த மெஷின் எதை மோந்துகொண்டிருந்தது?

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேலேயிருந்து வந்த குழாய் ஒரு மூன்று வழி வால்வில் முடிந்தது. வால்வின் இன்னொரு பக்கம் ஒரு சிறிய சிலிண்டர். மெஷின் சரியாக வாசிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வைத்திருக்கிற, அளவு தெரிந்த காஸ். அதன் முள் பூச்சியத்தில் படுத்திருந்தது.

"இந்தச் சிலிண்டர் எவ்வளவு காலத்துக்கு வரும்?" என்று பிரதீஷிடம் கேட்டாள்.

"ஒரு வருசம்" என்றான் அவன். குரல் தேய்ந்திருந்தது.

"எப்ப வாங்கின?"

"போன மாசம்."

வால்வுக்குக் கீழே அந்தப் போத்தல். அதற்குப் பின்னால் சுவரில் வெண்கட்டியால் எழுதிய வரிசை. தேதி, பக்கத்தில் ஓர் இலக்கம். தேதி, இலக்கம்.

"இது என்ன மிஸ்?" என்று துஷாந்தினியிடம் கேட்டாள் றமீஸா.

"எனக்கெப்படித் தெரியும்? யாரோ கிறுக்கியிருக்காங்க."

"ஒங்கட ரூம், ஒங்கட மெஷின். ஒரு நாளாவது உள்ள வந்து பாத்தீங்களா?" றமீஸா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "தெனம் காலையில போத்தல்லருந்து எவ்வளவு தண்ணி எடுத்ததுன்னு எழுதின கணக்கு இது. சூளை மூச்சு இந்தக் குழாயில வந்தா தண்ணி வரும். வராட்டி வராது. போன திங்கள் இருநூறு. செவ்வாய் இருநூத்திப் பத்து. புதன் இருநூறு." விரல் கீழே இறங்கியது. "வியாழன் பூச்சியம். வெள்ளி பூச்சியம்."

அதிகாரி குனிந்து சுவரிலிருந்த தேதிகளைக் குறித்துக்கொண்டார்.

"ஆபீசர் ஐயா, புதன்கிழமையிலருந்து இந்த மெஷின் சூளைய மோக்கவே இல்ல. சிலிண்டரத்தான் மோந்துகிட்டு இருந்தீக்கி. மேல நட்டு இறுக்கியிருந்தா என்ன, கழண்டிருந்தா என்ன, ஒண்டுதான். குழாய் போட்டதுல ஒரு குத்தமும் இல்ல. அந்த நட்டை விபத்துக்குப் பிறகுதான் யாரோ கழட்டியிருக்காங்க. அந்தக் கையையும் நீங்க தேடணும்."

நிரோஜாவிடமிருந்து ஒரு விம்மல் வந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் புருசனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்து, எட்டி அவன் கையையும் பிடித்துவிட்டாள். றமீஸா அதைக் கண்டாள். இத்தோடு வாயை மூடிக்கொண்டு த்ரீவீலில் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றாமலில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பாதி பதிலுக்கு மாடிப்படி ஏறி வரவில்லை.

"இந்தப் பூச்சியம் ரெண்டையும் எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

பிரதீஷ் குனிந்து போத்தலின் மூடியைத் திருகினான்.

"தம்பி, ஒன்னத்தான் கேக்குறேன். வியாழக்கெழம காலையில போத்தல எடுத்த. காஞ்சு கெடந்த. வெள்ளிக்கெழமையும் காஞ்சு கெடந்த. குழாய் போட்டவனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியாதா?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புதன்கிழம காலையிலயே வெளிநாட்டுலருந்து சூளையப் பார்க்க ஆள் வந்தாங்க. ரீடிங் அசையாம அழகா இருக்கணும்னு மிஸ் வால்வை சிலிண்டர் பக்கம் திருப்பச் சொன்னாங்க. திருப்புனேன். அவங்க சனிக்கிழம வரைக்கும் கொழும்புல இருந்துகிட்டே கம்ப்யூட்டர்ல பார்ப்பாங்க, அது வரைக்கும் தொடாதேன்னாங்க. மூணு நாளுதானேன்னு நெனச்சேன்... விபத்துக்குப் பிறகு அவசரமா பழைய பக்கம் திருப்பிட்டேன்."

"பொய்!" என்றாள் துஷாந்தினி. அதிகாரி அவளைக் கையமர்த்தினார்.

"விபத்து நடந்த பிறகு ஏன் சொல்லல?" என்றாள் றமீஸா.

"சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு..." என்றான் அவன்.

ஆக, தன் குழாயில் குற்றம் இருக்கிறது என்று ஊரே பேச, ஐந்து நாள் அழுதுகொண்டிருந்தவனுக்குக் குழாயில் குற்றமில்லை என்று தெரியும். அதைச் சொன்னால் வால்வும் வெளியே வந்துவிடும் என்றும் தெரியும். மேலே மாமனார் நிற்கிறார், சைரன் அடிக்காது என்று தெரிந்துகொண்டே வெண்கட்டியை எடுத்து அழகாகப் பூச்சியம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். குளிரறைக்காரிக்கு மேலே யார் நிற்கிறார்கள் என்பதாவது தெரியாது. இவனுக்குத் தெரியும். றமீஸாவுக்கு அந்த அறையில் இருந்த இரண்டு பேரையும் பார்க்கவே கூசியது. இரண்டு பேரில் யார் மேல் வெறுப்பு அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிரோஜா கையை எடுத்துவிட்டிருந்தாள்.

அதிகாரி அட்டையைத் திறந்து, சிங்களத்தில் கேட்க ஆரம்பித்தார். வால்வைத் திருப்பியது யார்? நான்தான் சேர். யார் சொல்லி? இந்த மிஸ் சொல்லி. ஆபத்து என்று தெரியுமா? தெரியும். தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

அதிகாரி பேனையை உயர்த்தியபடி காத்திருந்தார்.

"திங்கக்கிழம வேலைக்கு பெர்மனண்ட் லெட்டர் குடுக்கிறேன்னு இந்த மிஸ் சொன்னாங்க சேர்" என்றாள் நிரோஜா. தெளிவான சிங்களத்தில், அவர் எழுதுவதற்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அந்தப் புதன்கிழம ராத்திரி சந்தோசமா வந்து எங்கிட்ட சொன்னாரு. எதுக்குன்னு சொல்லல. எங்கப்பாகிட்டயும் சொன்னாரு. அப்பா இவருக்கு சேர்ட் வாங்கிக் குடுத்தாரு. அதையும் எழுதிக்குங்க."

"நிரோ..." என்றான் பிரதீஷ்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் மிஸ்" என்று அவள் றமீஸாவிடம் சொன்னாள். "கேட்டதுக்குச் சொல்லிட்டீங்க. இனி இவர் எங்க வீட்டுப் பக்கம் வர வேணாம்னு நீங்களே சொல்லிருங்க. என் வாயால அவர்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஷிஃபான் த்ரீவீலை எடுக்க ஓடினான். அதிகாரி கடைசி வரியை எழுதி முடித்து, தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். பிரதீஷ் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.